ஒரு கரண்டி உறை

மீட்டருக்குக் கோளாறு வரும். எந்த மீட்டருக்கும் வரும். ஆனால் அந்தக் கோளாறு வாரத்தில் ஒரு நாள் லீவு எடுத்துக்கொள்ளுமா என்று டெல்பின் கேட்டபோது, டாக்டர் கோமதிநாயகம் தலையில் வைத்த கையை எடுக்காமலே, “உனக்கு இப்பக் கிண்டல் கேக்குதாம்மா?” என்றார்.

அவர் தலையில் கை வைத்ததில் நியாயம் இருந்தது. பத்தொன்பது வருட உழைப்பு அன்று செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்குக் கவிழ்ந்திருந்தது.

இது நடந்தது 2058-இல். வயிற்றுப்புண்ணை உண்டாக்கும் கிருமி திருகாணி மாதிரி முறுக்கிக்கொண்டிருக்கும். அதனால் சனங்கள் அதைத் திருகுக் கிருமி என்றார்கள். மனிதர்கள் தும்மலுக்கும் இருமலுக்கும் மாத்திரையை அள்ளிப் போட்டுப் போட்டு, அதற்கு எந்த மாத்திரையும் கேட்காமல் போய்ப் பன்னிரண்டு வருடம் ஆகியிருந்தது. புண் முற்றினால் ரத்த வாந்தி, அதுவும் முற்றினால் கத்தி, கத்திக்கும் தப்பினால் புற்று. கோமதிநாயகம் மாத்திரையை விட்டுவிட்டுத் தயிரைப் பிடித்தார். தயிரை உறைய வைக்கிற நல்ல கிருமி ஒன்றை எடுத்து, அதற்குத் திருகுக் கிருமியைத் தேடிக் கொல்லும் வித்தையைக் கற்றுக்கொடுத்தார். அதற்குக் ‘காவலாள்’ என்று பெயரும் வைத்தார்.

தூத்துக்குடிக்கு வடக்கே, கடல் விழுங்கிய ஊர்க்காரர்களுக்காகக் கட்டிய முத்தாரம் குடியிருப்பில் ஆறு மாதம் சோதனை நடந்தது. நான்கு பிளாக்குகள். ஏ, சி பிளாக்குகளுக்குக் காவலாள் போட்ட தயிர்ப் பை. பி, டி பிளாக்குகளுக்கு வெறும் தயிர்ப் பை. எது யாருக்கு என்று கொடுத்தவருக்கும் தெரியாது, தின்றவருக்கும் தெரியாது. தினமும் சாயங்காலம் எல்லோரும் ஒரு குழாயில் ஊத வேண்டும். மூச்சைப் பார்த்து மீட்டர் இரண்டு எண்களைப் பதிவு செய்யும்: வயிற்றில் திருகுக் கிருமி எவ்வளவு, காவலாள் எவ்வளவு. ஆறு மாதமும் அந்தப் பதிவை முத்திரை போட்டுப் பூட்டி வைத்திருந்தார்கள். அன்று காலைதான் திறந்தார்கள்.

ஏ, சி பிளாக்குகளில் நூற்றுக்கு எண்பத்துமூன்று பேருக்குக் குணம். பி, டி பிளாக்குகளில் நூற்றுக்கு எண்பது.

“தண்ணின்னு சொல்லிருவாவ,” என்றார் கோமதிநாயகம். “இங்க கடல்தண்ணி ஆலை தொறந்ததும் இந்த ஆறு மாசத்துலதான். நல்ல தண்ணி குடிச்சாங்க, எல்லாருக்கும் சரியாப் போச்சு, இதுல உங்க தயிருக்கு என்னய்யா வேலைம்பாவ. நானா இருந்தாலும் அதான் சொல்லுவேன்.”

“ஆனா சார், பி, டி ஆளுங்க மூச்சுலயும் காவலாள் காட்டுதே.”

“அதான் மீட்டர் கோளாறுங்கேன். அவங்க பையில அது கெடையவே கெடையாது.”

“ஏ பிளாக்குல இருந்து போயிருக்கலாம்லா?”

“எப்படிப் போகும்? நான் பூட்டு போட்டிருக்கேன்.” சலிப்போடு விளக்கினார். “காவலாள் உயிரோட இருக்க ஒரு ஊட்டம் வேணும். அத அதால தானாச் செஞ்சுக்க முடியாது. எங்க பையில மட்டும்தான் அந்த ஊட்டம் இருக்கு. பையில இருக்கும், தின்னா வயித்துல ஒரு நாள் ரெண்டு நாள் இருக்கும், அப்புறம் செத்துரும். வேற பாலுல ஊத்துனா அன்னிக்கே செத்துரும். பதினோரு பேரு மூணு வருஷம் உக்காந்து போட்ட பூட்டும்மா அது.”

டெல்பின் அந்த ஆய்வகத்தின் புள்ளிவிவர அதிகாரி. மணப்பாட்டுப் பெண், முப்பத்துநான்கு வயது, எண்கள் பொய் சொன்னால் கோபம் வரும், உண்மை சொன்னால் பசி மறந்துபோகும். கணினித் திரையை அவர் பக்கம் திருப்பினாள். பி, டி பிளாக்குகளில் ஒவ்வொருவர் மூச்சிலும் காவலாள் முதன்முதலாகத் தெரிந்த தேதியை எடுத்து, கிழமைவாரியாக அடுக்கியிருந்தாள். ஞாயிறு, திங்கள், செவ்வாய் என்று எல்லாக் கிழமையிலும் கோடுகள் உயரமாக நின்றன. சனிக்கிழமை மட்டும் வெறும் தரை.

“இருபத்தாறு சனிக்கிழமை சார். அறுநூத்திச் சொச்சம் பேரு. ஒருத்தருக்குக்கூட சனிக்கிழமை புதுசா வரல. மீட்டர் பழுதுன்னா சனிக்கிழமையும் பழுதா இருக்கணும். தண்ணி வழியா வந்திருந்தா சனிக்கிழமையும் குழாய்ல தண்ணி வருதே.”

கோமதிநாயகம் தலையிலிருந்து கையை எடுத்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரையைப் பார்த்தார். பத்தொன்பது வருடத்தில் அவருக்குப் புரியாத எத்தனையோ வரைபடங்கள் வந்திருக்கின்றன. வாராவாரம் ஓய்வெடுக்கும் கிருமியை அன்றுதான் பார்த்தார்.

“சோதனை முடிவப் பத்தி வெள்ளிக்கிழமை விசாரணை,” என்றார். “ஆளவந்தார் இன்னிக்குச் சாயங்காலமே வந்து எறங்குதாரு. அதுக்குள்ள கண்டுபிடி. இல்லாட்டி கடைய அடைக்க வேண்டியதுதான்.”

ஆளவந்தார் உயிரிப் பாதுகாப்பு ஆணையத்தின் தலைவர். சென்னைக்காரர். நாட்டில் ஆய்வகத்துக் கிருமிகளுக்கான விதிகளில் பாதி அவர் கைப்பட எழுதியவை. அன்று மாலை அவரை வரவேற்கப் போனபோது டெல்பின் கவனித்தது ஒன்றுதான்: அரை மணிக்கு ஒருமுறை சட்டைப்பையிலிருந்து ஒரு வெள்ளை மாத்திரையை எடுத்து, யாரும் பார்க்காத மாதிரி வாயில் போட்டு மென்றார். விதி எழுதுகிறவர் வயிற்றையும் திருகுக் கிருமி விட்டுவைக்கவில்லை.

புதன்கிழமை மத்தியானம் டெல்பின் பி பிளாக்கின் மூன்றாம் மாடி ஏறினாள். அங்கே சண்முகவடிவு இருந்தாள். ஆய்வக விருந்தினர் விடுதியில் அவள்தான் சமையல். அவளுடைய கணவர் சுடலைமுத்து உப்பளத்தில் அள்ளும் இயந்திரம் ஓட்டுபவர். சோதனை தொடங்கிய மாதத்தில் அவர் ரத்தமாக வாந்தி எடுத்தார், வயிற்றை அறுக்க ஆஸ்பத்திரியில் தேதிகூடக் குறித்துவிட்டார்கள். இப்போது வேலைக்குப் போகிறார், கருவாட்டுக் குழம்பு கேட்டு வம்பு செய்கிறார். சண்முகவடிவுக்கு அந்த வம்பு தேனாக இனித்தது.

“வாங்க சிஸ்டர்,” என்றாள். மூச்சுக் குழாயோடு வருவதால் டெல்பினை நர்ஸ் என்றே குடியிருப்பில் எல்லோரும் முடிவு கட்டியிருந்தார்கள். அவளும் திருத்திப் பார்த்துவிட்டு ஓய்ந்துவிட்டாள்.

“அக்கா, நாங்க குடுக்குற தயிர்ப் பைய எப்படித் திம்பிய? அப்படியே வெட்டித்தானே?”

“அப்படியே யாரு திம்பா? சின்னப் பை, நாலு பேருக்குக் காணுமா? அத உறையா ஊத்திச் சட்டி நெறைய தயிரு போட்டுருவோம். அதுல இருந்து மறுநாளைக்கு, அதுல இருந்து அடுத்த நாளைக்கு.”

‘பையை வெட்டி நேரடியாக உண்ணவும்’ என்று நான்கு மொழிகளில் அச்சடித்துக் கொடுத்திருந்தார்கள். பாலையும் உறையையும் அறிந்த வீடுகளில் அந்த அச்சுக்கு என்ன மரியாதை கிடைக்கும் என்று பதினோரு விஞ்ஞானிகளில் ஒருவரும் யோசித்திருக்கவில்லை.

“உங்க பையிலயா உறை ஊத்துனிய?”

“மொதல்ல எங்க பைதான். சுமாராத்தான் இருந்துச்சு, மறுநாளே புளிச்சிரும். ஏ பிளாக்குல எங்க நாத்தனா இசக்கியம்மா இருக்கால்லா, அவ பைத் தயிரு ரெண்டு நாளானாலும் புளிக்காது. ஆனா பாத்துக்கிடுங்க, அத உறை ஊத்துனா உறையவே உறையாது. தண்ணி தண்ணியா நிக்கும். விடுவாளா அவ? நாலு பச்ச மிளகாய்க் காம்பைக் கிள்ளிப் போட்டா. மறுநாள் சட்டியக் கவுத்தாக்கூட விழாது, அப்படி உறைஞ்சிருக்கு.”

“மிளகாய்க் காம்பு,” என்றாள் டெல்பின் மெல்ல.

“உறை இல்லாத வீட்டுல காம்பு போட்டுத்தானே தயிரே உண்டாக்குவோம். அதுலயும் உறையுத குணம் இருக்குல்லா. உங்க வீட்டுல போட மாட்டியளா?”

டெல்பின் வீட்டில் அவள் அப்பா கடையில் தயிர் வாங்குவார். ஆனால் அந்த நிமிடமே அவளுக்குப் புரிந்துவிட்டது. மிளகாய்க் காம்பிலும் கிருமிகள் உண்டு. காவலாளுக்குக் கிடைக்காத ஊட்டத்தை அந்தக் காட்டுக் கிருமிகள் செய்து ஊட்டிவிட்டிருக்கின்றன. இரண்டும் ஒரே சட்டியில் கூட்டுக் குடித்தனம் நடத்தி, சட்டிக்குச் சட்டி சேர்ந்தே போயிருக்கின்றன. வயிற்றுக்குள்ளும் சேர்ந்தே தங்கியிருக்கின்றன.

“அந்த உறைய யாருக்கெல்லாம் குடுத்திய?”

“கேட்டவியளுக்கெல்லாம். உறைய இல்லேன்னு சொல்லலாமா? பால் வண்டி சாயங்காலம் ஆறரைக்கு வரும். காய்ச்சி, ஆத்தி, ஏழரைக்குக் கிண்ணத்தத் தூக்கிக்கிட்டு வருவாவ.”

“எல்லா நாளுமா?”

“ஆமா. வெள்ளிக்கிழமை மட்டும் குடுக்க மாட்டோம்.”

டெல்பின் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். “ஏன்க்கா?”

“நல்லா கேட்டிய. வெள்ளிக்கிழமை வெளக்கு வச்ச பொறவு உப்பு, தயிரு, உறை எதையும் வீட்டை விட்டு வெளிய குடுப்பாவளா? லட்சுமி கூடவே போயிருவா.”

வெள்ளிக்கிழமை மாலை உறை கைமாறாது. சனிக்கிழமை புது வீட்டில் அந்தத் தயிர் இருக்காது. சனிக்கிழமை மாலை புது மூச்சில் காவலாள் தெரியாது. கிறிஸ்தவ ஊரான மணப்பாட்டில் வெள்ளிக்கிழமை என்றால் கறி கிடையாது என்பது மட்டும்தான் சட்டம். இது டெல்பினுக்கு எப்படித் தெரியும்? அவள் எழுந்து சண்முகவடிவைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். சந்தோஷத்தில் சிரிப்பும் வந்தது, கண்ணிலும் நீர் வந்தது. பத்தொன்பது வருடத் தயிர் பலித்துவிட்டது. வேலை செய்யாமல் போகவில்லை, கொஞ்சம் அதிகமாகவே வேலை செய்துவிட்டது.

“எதுக்கு சிஸ்டர் இம்புட்டுச் சந்தோசம்?”

“அண்ணனக் கொணமாக்குனது தண்ணி இல்லக்கா. உங்க நாத்தனா குடுத்த உறை.”

சண்முகவடிவு சட்டியைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு, “நேத்து ராத்திரி அந்தப் பெரிய ஆபீசரும் ரெண்டு கிண்ணம் தயிர்ச் சாதம் கேட்டு வாங்கித் தின்னாரு. வேற எதுவும் வயித்துக்கு ஆகாதாம்,” என்றாள். டெல்பின் காதில் அது விழுந்தும் விழவில்லை. அவள் மனம் ஏற்கெனவே ஆய்வகத்துப் படி ஏறிக்கொண்டிருந்தது. வாசலில் சண்முகவடிவு அவள் கையைப் பிடித்தாள்.

“ஒண்ணு கேக்கணும். நான் சொன்னத நீங்க அங்க போய்ச் சொன்னா, தப்பாப் போச்சுன்னு அவிய வயித்துல இருக்கத மருந்து குடுத்து எடுத்துருவாவளா?”

டெல்பினின் சந்தோஷம் சட்டென்று வடிந்துவிட்டது. ஆளவந்தார் எழுதிய விதி ஏழு அவளுக்கு மனப்பாடம்: பூட்டு உடைந்து வெளியேறிய உயிரி எந்த உடம்பில் இருந்தாலும் அதைத் துடைத்தாக வேண்டும். அதற்கென்று ஒரு மருந்து உண்டு. குடித்தால் குடலில் நல்லது கெட்டது எல்லாம் போகும். திருகுக் கிருமி மட்டும் ஒரு மாதத்தில் திரும்பி வரும். சுடலைமுத்துவுக்கு மறுபடி ரத்தம் வரும், மறுபடி ஆஸ்பத்திரியில் தேதி குறிப்பார்கள்.

“உங்களக் கேக்காம விசாரணையில எதுவும் சொல்ல மாட்டேன்க்கா,” என்று மட்டும் சொன்னாள்.

மிளகாய்க் காம்புக் கதையைக் கேட்டு கோமதிநாயகம் முதலில் சிரித்தார். மேசையைத் தட்டித் தட்டி, கண்ணாடி கீழே விழும்வரை சிரித்தார். “நாலு காம்பு. பதினோரு பேரு மூணு வருஷம் போட்ட பூட்ட நாலு காம்பு தொறந்துட்டு.” பிறகு அவருக்கும் விதி ஏழு ஞாபகத்துக்கு வந்தது. எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“டெல்பின், ஒண்ணு சொல்லுதேன். நாம வாயத் தொறக்காட்டி, தண்ணியாலதான் கொணமாச்சுன்னு எழுதிட்டு ஆளவந்தார் ரயிலேறிருவாரு. என் ஆய்வகத்து ஃப்ரீசர்ல இருக்கத மட்டும் அழிப்பாவ. வீட்டுச் சட்டியில இருக்கது யாருக்கும் தெரியாது. அது பாட்டுக்கு ஓடும். நான் தோத்துப்போன விஞ்ஞானி, அவ்வளவுதானே. சுடலைமுத்து பொழைச்சுக்கிடுவான்.”

அது கெட்ட எண்ணம் இல்லை என்பதுதான் கஷ்டம். தன் பெயரைத் தூக்கிக் கொடுக்கத் தயாராக இருந்த மனிதரிடம் என்ன சொல்வது? டெல்பினுக்கும் ஆசைதான். ஆனால் பி, டி பிளாக்குகளின் பட்டியலை ஓட்டிக்கொண்டே வந்தவள், பட்டியலில் இல்லாத ஒரு பெயரில் நின்றாள். டி பிளாக், பதினேழாம் எண், பாக்கியநாதன். சோதனையில் சேர மறுத்த ஒரே ஆள். படிவத்தின் குறுக்கே ‘வேண்டாம்’ என்று பெரிய எழுத்தில் எழுதி, அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்தவர். அவர் வீட்டிலும் தயிர் உறையும்.

“நாளைக்கு வரைக்கும் பொறுங்க சார்,” என்றாள்.

வியாழக்கிழமை காலை பாக்கியநாதன் கதவைத் திறந்ததும் அவள் கையிலிருந்த குழாயைத்தான் பார்த்தார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர், தனியாள். அவர் மனைவி ரெஜினா ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் செத்தாள். அவளுக்குக் கொடுத்தது இன்னும் சோதனையில் இருந்த மருந்து என்பது அடக்கம் முடிந்து ஒரு மாதம் கழித்துத்தான் அவருக்குத் தெரியவந்தது.

“வேண்டாம்னு எழுதிக் குடுத்தேன்லா.”

“குடுத்திய. அதனாலதான் வந்திருக்கேன்.” மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். பக்கத்து வீட்டு உறை, மிளகாய்க் காம்பு, எல்லாவற்றையும். கேட்டுக்கொண்டே இருந்தவர், குழாயைத் தானே வாங்கி ஊதினார். மீட்டரில் திருகுக் கிருமிக்குப் பூஜ்யம். காவலாள் நிறைய.

“நாலு மாசமா நெஞ்செரிச்சல் இல்ல,” என்றார் மெதுவாக. “காலையில நடக்கதாலன்னு நெனச்சேன்.”

“நல்லதுதான் நடந்திருக்கு சார்...”

“நல்லது நடந்துச்சுன்னு சொல்லாதீங்க. என்னக் கேட்டியளா, அதச் சொல்லுங்க.” அவர் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் டெல்பினுக்குச் சுலபமாக இருந்திருக்கும். “ரெஜினாவுக்கும் நல்லதுன்னுதான் குடுத்தாவ. என் ஒடம்புக்குள்ள ஒண்ண வைக்கதுக்கும் என்னக் கேக்கணும். எடுக்கதுக்கும் என்னத்தான் கேக்கணும். கேப்பியளா?”

“கேப்போம் சார்,” என்றாள் டெல்பின். பேசாமல் இருந்துவிடலாம் என்ற ஆசை அந்த இடத்திலேயே செத்துவிட்டது. இந்த மனிதருக்குத் தெரிந்ததைப் போல எல்லோருக்கும் தெரிய வேண்டும். ஆனால் படியிறங்கும்போது அவர் சொன்ன ஒரு சொல் அவளை மேல் படியிலேயே நிறுத்தியது. எடுக்கதுக்கும். எடுப்பதற்கும் கேட்க வேண்டும். கைப்பேசியில் விதிப் புத்தகத்தை எடுத்து விதி பதினொன்றைப் படித்தாள். இரண்டாம் முறை படித்தாள். பிறகு இரண்டு இரண்டு படியாகத் தாண்டி இறங்கி பி பிளாக்குக்கு ஓடினாள்.

சண்முகவடிவு முழுவதையும் கேட்டாள். சொன்னால் மருந்து வரலாம், வராமலும் போகலாம் என்பதையும் கேட்டாள். “சொல்லுங்க. நானும் வாரேன். நான் குடுத்த உறைக்கு நான்தானே பதில் சொல்லணும்,” என்றாள்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு ஆய்வகத்து அரங்கில் விசாரணை தொடங்கியது. மேடையில் ஆளவந்தார். முன்வரிசையில் கோமதிநாயகம், பாக்கியநாதன், கையில் ஒரு மிளகாய்ப் பொட்டலத்தோடு சண்முகவடிவு, பக்கத்தில் உப்பள உடுப்பிலேயே வந்துவிட்ட சுடலைமுத்து. டெல்பின் சனிக்கிழமை வரைபடத்தைத் திரையில் போட்டாள். பட்டாசுத் திரியில் நெருப்பு ஓடுவது போல, ஏ பிளாக்கிலிருந்து பி-க்கும் பி-யிலிருந்து டி-க்கும் உறை எந்த வீட்டிலிருந்து எந்த வீட்டுக்குப் போனது என்று தேதிவாரியாகக் காட்டினாள். அரங்கில் முணுமுணுப்பு எழுந்தது. ஆளவந்தார்கூட முன்னால் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

“பிரமாதமான கண்டுபிடிப்பும்மா,” என்றார். உண்மையாகவே அப்படி நினைத்தார். “மருந்து வேலை செய்யுது, நான் ஒத்துக்கறேன். ஆனா நீங்க சொல்றதோட அர்த்தம் உங்களுக்கே தெரியும். பூட்டு உடைஞ்சிருக்கு. இன்னைக்கு நல்லது செய்யற கிருமி நாளைக்கு என்ன செய்யும்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. கேட்காத ஆளுங்க உடம்புல எல்லாம் போயிருக்கு. ரூல்னா ரூல்தான். எல்லாருக்கும் துடைப்பு மருந்து கொடுத்தாகணும். பட்டியல் இருக்கா?”

“இருக்கு சார். உறை கைமாறுன வீடெல்லாம் நேத்து நேர்லயும் போன்லயும் கேட்டு எழுதினது, இது வரைக்கும் ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினாலு பேரு. கோவில்பட்டியில கட்டிக்குடுத்த பொண்ணுங்க வீடு, சாத்தூரு, அருப்புக்கோட்டை எல்லாம் சேத்து.” டெல்பின் ஒரு பெரிய காகிதக் கட்டை மேசையில் வைத்தாள். “இது எல்லாருக்கும் தனித்தனிச் சம்மதப் படிவம்.”

“துடைப்புக்கு எதுக்கும்மா சம்மதம்?”

“விதி பதினொண்ணு சார். ‘எந்த மனிதரின் உடம்பிலும் எழுத்துமூலமான சம்மதம் இல்லாமல் எந்த உயிரியையும் வைக்கவோ எடுக்கவோ கூடாது.’ எடுக்கவோன்னும் இருக்கு சார். நீங்க எழுதினது.”

ஆளவந்தார் விதிப் புத்தகத்தைக் கேட்டு வாங்கினார். தான் எழுதியதைத் தானே படித்தார். விதி எழுதுகிறவர்களுக்கு இப்படி ஒரு நாள் வரும் என்று அவர் எதிர்பார்த்திருக்க மாட்டார். ஆனால் நேர்மையான மனிதர், புத்தகத்தை மூடி மேசையில் வைத்தார். “சரி. கேளுங்க,” என்றார்.

முதலில் பாக்கியநாதன் எழுந்தார். கையெழுத்துப் போட்டார். “கொணமாச்சுங்கது எனக்குத் தெரியும். திரும்பி வந்தாலும் வரட்டும். நான் வேண்டாம்னு சொன்னது வேண்டாம்தான்,” என்றார். கோமதிநாயகம் தானே எழுந்துபோய்த் துடைப்பு மருந்தைத் தம்ளரில் ஊற்றி, இரண்டு கைகளாலும் கொடுத்தார். “உங்களக் கேக்காமப் போனது எங்க தப்பு. மன்னிச்சுருங்க,” என்றார். பாக்கியநாதன் தலையசைத்துவிட்டு மடமடவென்று குடித்தார். டெல்பினுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அந்தத் தம்ளர் காலியாவதைப் பார்க்க அவளுக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அது சரி என்றும் தெரிந்தது.

அடுத்த படிவம் சுடலைமுத்துவுக்கு. அவர் அதைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு மனைவியிடம் கொடுத்தார். சண்முகவடிவு அதை நான்காக மடித்து மிளகாய்ப் பொட்டலத்துக்குள் வைத்தாள். “அவிய போட மாட்டாவ. நானும் போட மாட்டேன்,” என்றாள்.

“அடுத்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினஞ்சாவது பேரு,” என்றாள் டெல்பின். “இது இன்னிக்குக் காலையிலதான் எனக்கு ஞாபகம் வந்தது. ஊதிப் பாத்துட்டுத்தான் சேக்கணும்.” குழாயை மேடைக்கு நீட்டினாள். “நீங்க சார்.”

“நானா?”

“செவ்வாய்க்கிழமையில இருந்து விடுதியில தயிர்ச் சாதம் சாப்பிடுதிய. விடுதிக்கு உறை ஊத்துறது இந்த அக்காதான்.”

ஆளவந்தார் ஊதினார். திருகுக் கிருமியின் எண் இன்னும் இருந்தது, ஆனால் பெரிய எண் இல்லை. பக்கத்தில் காவலாளின் பச்சை விளக்கு எரிந்தது. அவர் கை தன் போக்கில் சட்டைப்பைக்குப் போனது. மாத்திரை அட்டையை வெளியே எடுத்துப் பார்த்தார். நேற்று மத்தியானத்துக்குப் பிறகு அதில் ஒரு குமிழ்கூட உடைக்கப்படவில்லை. அவரே இப்போதுதான் அதைக் கவனித்தார் என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

டெல்பின் படிவத்தையும் பேனாவையும் அவர் முன் வைத்தாள். அவர் படிவத்தை முழுவதும் படித்தார். பேனாவைத் திறந்தார். மூடினார்.

ஆறு மணிக்கு ஆணை வந்தது. ஒவ்வொருவரையும் நேரில் கேட்ட பிறகுதான் துடைப்பு. வேண்டும் என்பவருக்கு மட்டும். வேண்டாம் என்பவரை மாதாமாதம் கண்காணிக்க வேண்டும், பொறுப்பு டெல்பின். புதிதாக யாருக்கு உறை கொடுத்தாலும், அதில் என்ன இருக்கிறது என்று சொல்லி, கேட்டுத்தான் கொடுக்க வேண்டும். பூட்டு உடைந்ததற்காகக் கோமதிநாயகம் இயக்குநர் பதவியிலிருந்து விலக வேண்டும். அந்தக் கடைசி வரியைப் படித்ததும் கோமதிநாயகம், “நாலு காம்புக்கு இது நியாயமான தண்டனைதான்,” என்று சிரித்தார். அவர் முகத்தில் பத்தொன்பது வருடத்துக் களைப்பு இல்லை. இந்தச் சிரிப்பை டெல்பின் அவரிடம் பார்த்ததே இல்லை.

ஆறே முக்கால் மணிக்கு விடுதி வாசலில் கார் நின்றது. எட்டு மணி ரயில். பெட்டியைக் காரில் ஏற்றச் சொல்லிவிட்டு ஆளவந்தார் சமையலறைப் பக்கம் வந்தார். கையில் ஒரு சின்ன எவர்சில்வர் தூக்கு இருந்தது. அலமாரியில் சாமி படத்துக்கு முன்னால் சண்முகவடிவு விளக்கேற்றி வைத்திருந்தாள். வழியனுப்ப வந்த டெல்பின் கதவோரமாக நின்றாள்.

“அம்மா,” என்றார் ஆளவந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார். “அதுல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் கேக்கறேன். ஒரு கரண்டி உறை தர முடியுமா? மெட்ராஸ்ல என் பொண்ணுக்கும் இதே தொந்தரவு. சாப்பாட்டு மேசையில உக்காரவே பயப்படறா.”

சண்முகவடிவு தூக்கைப் பார்த்தாள். விளக்கைப் பார்த்தாள். அவளுக்கு உண்மையாகவே சங்கடமாக இருந்தது.

“இன்னிக்கு வெள்ளிக்கிழமைல்லா சார். வெளக்கு வச்சாச்சே.”

“ரயில் எட்டு மணிக்கும்மா. ஒரே ஒரு கரண்டிதானே.”

“ரூல்னா ரூல்தான்னு நீங்கதானே சார் சொன்னிய,” என்றாள் சண்முகவடிவு பணிவாக.

ஆளவந்தார் டெல்பினைத் திரும்பிப் பார்த்தார். டெல்பின் மேலே மின்விசிறி சரியாகச் சுற்றுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் தூக்கை மேசையில் வைத்தார். வாசலுக்குப் போய் டிரைவரிடம் பெட்டியை இறக்கச் சொன்னார். அங்கே நின்றபடியே கைப்பேசியில் யாரிடமோ டிக்கெட்டை நாளைக்கு மாற்றச் சொல்லிவிட்டுத் திரும்பி வந்தார்.

“காலையில எத்தனை மணிக்கு வரலாம்?”

“விடிஞ்சதும் வாங்க சார்,” என்றாள் சண்முகவடிவு, தூக்கை எடுத்துக் கழுவிக்கொண்டே. “நாலு காம்பும் கிள்ளித் தாரேன்.”